அவர் இஷ்டம், அவள் இஷ்டம்

வியன்னாவும் லிஸ்பனும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. வியன்னா ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தது. லிஸ்பனுக்கு உள்ளறையைக் கொடுத்திருந்தோம்.

ஒரு பிளாட்டில் இரண்டு நகரத்துக்கு இடம் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதும். நகரங்கள் நின்றால்தான் பெரிது. உட்கார்ந்தால் என் பெரிய மச்சான் அளவுதான் இருக்கும்.

ஜவுளிக்கடையிலிருந்து இரண்டு சேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேலே போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதில்லையா? டூர் கம்பெனிக்காரர்களும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள். "வெச்சுப் பாருங்க. புடிச்சத எடுத்துக்கோங்க, புடிக்காதத அனுப்பிருங்க" என்று சொல்லி இரண்டையும் லிப்டில் ஏற்றி விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் கம்பெனிக்குப் போய் மைக்கில் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். நானும் என் மனைவி சாந்தாமணியும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். வேறு வேறு பெயரைச் சொன்னால் ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் ஒன்று சேருவது அவரவர் சாமர்த்தியம். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் ஆஸ்லோவில் இருக்கிறார், அவர் சம்சாரம் ஏதென்ஸில் இருக்கிறார். இரண்டு பேரும் தினமும் மொட்டைமாடியில் ஏறி ஒருவருக்கொருவர் துண்டை ஆட்டிக்கொள்கிறார்களாம். தெரிகிறதா என்று தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம்? கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் சாந்தாமணியும் ஒரு நாள்கூடத் தனித்தனி ஊரில் படுத்ததில்லை. பிரசவத்துக்கு அவள் தாய்வீட்டுக்குப் போனபோது நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். மாமனார் ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் நஞ்சப்பன். கோயமுத்தூர் காந்திபுரத்தில் வெட் கிரைண்டர் கடை வைத்திருக்கிறேன். ஐரோப்பாவுக்குப் போக வேண்டும் என்று யார் முதலில் சொன்னது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. நான்தான் என்று அவள் சொல்கிறாள்.

வியன்னா மரியாதை தெரிந்த நகரம். முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காரும். காபி கொடுத்தால் பக்கத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீரும் கேட்கும். அவ்வப்போது அதன் வயிற்றுக்குள் வயலின் சத்தம் வரும். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லும்.

லிஸ்பன் அப்படி இல்லை. அது உட்கார்ந்த இடம் சரிந்துவிடும். உள்ளறையில் கொட்டி வைத்திருந்த வெங்காயம் முழுக்க உருண்டு ஹாலுக்கு வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் மஞ்சள் நிற டிராம் ஒன்று ஓடியது. பால்கனிக் கொடி முழுக்க அது தன் துணியைக் காயப்போட்டுவிட்டது. எங்கள் துணியை நாங்கள் கையில் பிடித்துக்கொண்டு நின்று காயவைத்தோம்.

எனக்கு லிஸ்பன் பிடித்திருந்தது. தட்டையான தரையில் பிறந்து, தட்டையான தரையில் கடை போட்டு, தட்டையான தரையிலேயே எனக்கு வயதாகிவிட்டது. வெங்காயம் தானாக உருண்டு போவதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீடு தேடி வந்த ஒரம்பரைக்கு நாங்கள் குறை வைக்கிற ஆட்கள் இல்லை. சாந்தாமணி இரண்டு நகரத்துக்கும் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு வியன்னாவிடம் விசாரித்தாள்.

"உங்கூர்ல தண்ணி எப்படிங்க?"

"மலையில இருந்து வருதுங்க. ரொம்ப நல்ல தண்ணி" என்றது வியன்னா. வந்த இரண்டாம் நாளே இரண்டு நகரங்களும் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போடப் பழகிவிட்டன. எங்கள் ஊர்க் காற்று அப்படி.

சாந்தாமணி உள்ளே போய் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். வியன்னா குடித்தது. கீழே வைத்தது. மறுபடியும் எடுத்து இன்னொரு மடக்கு குடித்தது.

"எங்க தண்ணியும் பரவால்லீங்க" என்றது கடைசியில். குரல் இறங்கிவிட்டது.

பாவமாக இருந்தது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வியாழக்கிழமை காலையில் தோசை சாப்பிடும்போது சாந்தாமணி பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, நாளைக்குச் சொல்லோணுமே. உங்களுக்கு எது புடிச்சிருக்குதுங்க?"

"உனக்கு எது புடிச்சிருக்குதோ அதுதான் அம்மிணி."

"எனக்கென்னுங்க. உங்க இஷ்டம்."

"எனக்கென்ன. உன் இஷ்டம்."

"நீங்க சொன்னா சேரிங்க."

"நீ சொன்னாத்தான் சரி."

லிஸ்பன் உள்ளறையிலிருந்து தலையை நீட்டியது. "இவங்க எப்பவும் இப்படித்தானுங்களா?" என்று வியன்னாவைக் கேட்டது.

"வந்ததுல இருந்து இப்படித்தானுங்க" என்றது வியன்னா.

ஹால் மூலையிலிருந்து பெயிண்டர் பெருமூச்சு விட்டார். அவர் எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர். சுவருக்கு என்ன கலர் என்று கேட்டார். நான் சாந்தாமணியைப் பார்த்து உன் இஷ்டம் என்றேன். உங்க இஷ்டம் என்றாள். அன்றிலிருந்து பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார். பதினோரு வருஷம் ஆகிறது. அவருக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுகிறோம்.

ஒருத்தர் மனதை ஒருத்தர் நோகடிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கொள்கை. நல்ல கொள்கைதான். எங்கள் மகனுக்குப் பெயர் வைத்தது ஆஸ்பத்திரி நர்ஸ்.

அன்றைக்குச் சாயந்தரம் நான் வாசலுக்குப் போய்க் குப்புராஜிடம் யோசனை கேட்டேன். குப்புராஜ் எதிர் வீட்டுக்காரர். எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதை எப்போதும் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். சித்திரை மாதம் எங்கள் வீட்டுக் காலிங்பெல்லாக ஆகிவிட்டார். இப்போது அவருக்கும் வசதி, எங்களுக்கும் வசதி. அழுத்தினால் "யாருங்க அது?" என்று கத்துவார்.

நான் அழுத்தினேன்.

"யாருங்க அது?"

"நான்தானுங்க. எந்த ஊருக்குப் போறதுன்னு தெரியல."

"உங்க சம்சாரத்துக்கு எது புடிக்கும்?"

"தெரியலீங்க."

"இருபத்தெட்டு வருசமாக் குடும்பம் நடத்தறீங்க. தெரியலையா?"

"கேட்டாச் சொல்ல மாட்டேங்கிறா."

"உங்களுக்கு எது புடிக்கும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"நானும் சொல்ல மாட்டனே."

"அட கெரகமே" என்றார் குப்புராஜ். "விரல எடுங்க. வலிக்குது."

நான் உள்ளே வந்து ஆற அமர யோசித்தேன். சாந்தாமணி வியன்னாவிடம்தான் அதிகம் பேசினாள். அதனால் அவளுக்கு வியன்னாதான் பிடித்திருக்க வேண்டும். மைக்கில் வியன்னா என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். லிஸ்பன் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

டூர் கம்பெனி எங்கள் மாடியிலேயே, வராந்தாவின் கோடியில் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை வராந்தா நீண்டுவிடும். ஆகவே டிபன் கேரியரில் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பினோம். வீட்டுச் சாவியை வியன்னாவிடம் கொடுத்தோம்.

"துளசிக்குத் தண்ணி ஊத்திருங்க" என்றாள் சாந்தாமணி.

"ஊத்தறமுங்க. நீங்க நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றன இரண்டும். லிஸ்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மூன்றாவது பிளாட்டைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. தீயணைக்கும் சிலிண்டர் பக்கத்தில் ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். வழுக்கையா, தண்ணியா என்று கேட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இளநீர்க்காரர் புரிந்துகொண்டு அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் குடிக்காமலே நடந்தோம்.

கம்பெனி அதிகாரியின் பெயர் சென்னியப்பன். கழுத்தில் டை கட்டியிருந்தார். அந்த டை மேசைக்கு அடியில் புகுந்து, கதவைத் தாண்டி, அடுத்த அறை வரை போயிருந்தது. அங்கே யாரோ அதை இஸ்திரி போடும் சத்தம் கேட்டது.

"வாங்க வாங்க. உக்காருங்க. சாப்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றோம். கேரியர் மடியில் இருந்தது.

"ரெண்டு ஊரும் நல்லாப் பழகுச்சுங்களா? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே. தங்கமானதுங்க" என்றேன்.

"சந்தோசம். மைக்குல ஒரே ஒரு தடவதானுங்க. சொன்னது சொன்னதுதான். அம்மா, நீங்க மொதல்ல சொல்லுங்க. எந்த ஊருங்க?"

சாந்தாமணி மைக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். அவள் ஏதோ தீர்மானித்து வந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"அவரு இஷ்டமுங்க."

வந்துவிட்டது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

நானும் வாயைத் திறந்தேன். வியன்னா என்று சொல்வதற்குத்தான் திறந்தேன். அந்த 'வி' நாக்கு நுனி வரை வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது.

"அவ இஷ்டமுங்க" என்றேன்.

பழக்கம். வேறென்ன சொல்வது?

சென்னியப்பன் மேசையைத் தட்டினார். "இஷ்டம்! ரெண்டு பேரும் ஒரே ஊரு. இப்படி ஒத்துமையாச் சொல்லி நான் பாத்ததே இல்லீங்க."

"இஷ்டம்னு ஒரு ஊரா?" என்று கேட்டேன்.

"என்னுங்க இப்படிக் கேக்கறீங்க? ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம், இஷ்டம். வரிசையா இருக்குதே." சுவரிலிருந்த மேப்பில் விரலை வைத்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. வியன்னா போனால் என்ன, லிஸ்பன் போனால் என்ன, ஒன்றாகப் போனால் சரி. சாந்தாமணி என் கையைப் பிடித்தாள்.

சென்னியப்பனின் விரல் மேப்பிலேயே நின்றது. புருவம் ஏறியது.

"ஒரு நிமிசமுங்க" என்றார். "அம்மா சொன்னது 'அவர் இஷ்டம்.' நீங்க சொன்னது 'அவள் இஷ்டம்.' ரெண்டும் வேற வேற ஊருங்க. நடுவுல பார்டரே இருக்குது."

"அது ஊர் பேரு இல்லீங்க" என்றேன். "வாய் தவறி வந்துருச்சு."

"வாய் தவறி வந்ததா? இருபத்தெட்டு வருசமா இதத்தான சொல்றீங்கன்னு உங்க காலிங்பெல் போன் பண்ணிச் சொன்னாரே."

குப்புராஜ். அந்த ஆளுக்கு ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும்.

சாந்தாமணி எழுந்து நின்றாள். "ஏனுங்க, இன்னொருக்காச் சொல்றமுங்க. ஒரே ஒருக்கா."

"சொன்னது சொன்னதுதானுங்கம்மா. கோவிச்சுக்காதீங்க" என்றார் அவர். நல்ல மனுஷன். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. டையில் துடைத்துக்கொள்ளப் பார்த்தார். இஸ்திரி போடுகிறவர் விடவில்லை.

அறையில் இரண்டு கதவுகள் இருந்தன. வரும்போது இந்த இரண்டுமே இல்லை. ஒன்றின் வழியாக அவளை அனுப்பினார்கள், மற்றதன் வழியாக என்னை அனுப்பினார்கள். டிபன் கேரியரை இரண்டு பேரும் விடாமல் பிடித்துக்கொண்டதில் அது பிரிந்துவிட்டது. சாம்பார் அவளோடு போனது. சாதம் என்னோடு வந்தது.

"வேளைக்குச் சாப்பிடுங்க" என்று கத்தினாள். கதவு சாத்திக்கொண்டது.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெரிய முட்டாளாக நின்றதில்லை.

அவள் இஷ்டம் நல்ல ஊர். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்ல வெளிச்சம், அகலமான தெரு, யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஓட்டல்களில் பெண்கள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டார்கள். ஆண்கள் பரிமாறினார்கள். மாம்பழம் நறுக்கிய இடத்தில் பெண்களுக்குத் துண்டு, ஆண்களுக்குக் கொட்டை. ஒரு ஆள் ஓரமாக நின்று மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"உங்களுக்குக் கொட்டைதான் புடிக்குமுங்களா?"

"யாருக்குங்க புடிக்கும்?" என்றார் எரிச்சலாக.

சாந்தாமணிக்கு மாங்கொட்டை என்றால் உயிர் என்று நான் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் பந்தி முழுக்கக் கேட்டு வாங்கி ஒரு தட்டு நிறையக் கொட்டைகளை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அவளும் சிரித்துக்கொண்டே சப்பினாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பிறகு கடைவீதிக்குப் போனேன். பாத்திரக் கடை, மிக்சி கடை, துணி துவைக்கும் மெஷின் கடை எல்லாம் இருந்தன. வெட் கிரைண்டர் கடை இல்லை. சந்து சந்தாகத் தேடினேன். ஊர் முழுக்க ஒரு கிரைண்டர் இல்லை. கல்யாண நாளுக்குக் கல்யாண நாள் நான் அவளுக்குக் கிரைண்டர்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். டேபிள் டாப், சாய்க்கிற மாடல், மூன்று கல், நாலு கல். ஒவ்வொரு தடவையும், "எதுக்குங்க இவ்வளவு செலவு" என்றுதான் சொன்னாள். அதை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு போலீஸ்காரரைக் கண்டதும் நின்றேன். ஒரு கேள்வி வெகுநேரமாக மனதில் கிடந்தது. கேட்டுவிட்டேன்.

"இந்த ஊருல நஞ்சப்பன்னு யாராச்சும் இருக்காங்களா?"

அவள் இஷ்டப்பட்ட ஊரில் நானே இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இருக்காருங்களே. நேராப் போயி இடது கைப் பக்கம். பச்சைச் செவுரு."

பச்சைச் சுவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நஞ்சப்பன் கதவைத் திறந்தான். என் முகம், என் கட்டம் போட்ட சட்டை, என் வலது காது மச்சம். கொஞ்சம் ஒல்லி.

"வாங்க. யாருங்க?"

"நஞ்சப்பன்" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஓ. பழையதுங்களா. உள்ள வாங்க."

பழையதாம். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன குடிக்கறீங்க? காப்பியா, டீயா?" என்று கேட்டான்.

"உங்க இ—" என்று ஆரம்பித்தேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். 

"எனக்குக் காப்பி" என்றான் அவன். "டிகாஷன் தூக்கலா, சர்க்கர அரை ஸ்பூன். உங்களுக்கு?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! எனக்கு வயிறு எரிந்தது. நான் யோசித்தேன். எனக்கு என்ன வேண்டும்? வெகுநேரம் யோசித்தேன். அவன் அதற்குள் காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டான். அவனே கழுவினான்.

"சாந்தாமணி வேற என்ன மாத்தியிருக்கறா என்கிட்ட?" என்று கேட்டேன்.

"ரொம்ப இல்லீங்க. சத்தமா ஏப்பம் விடறதில்ல. கேட்டாப் பதில் சொல்றேன். அவ்வளவுதானுங்க."

"ஒல்லியா இருக்கறே."

"அது கொஞ்சம்" என்றான் கூச்சமாக.

நான் எழுந்துகொண்டேன். அவன் வாசல் வரை வந்தான். சாந்தாமணி இந்த ஊருக்கு வந்தால் இவன்தான் கதவைத் திறப்பான் என்று தோன்றியது. திறந்து, வா என்பான். காபியா டீயா என்பான். அந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போனேன்.

டிக்கெட் கவுண்டரில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். எனக்குப் பின்னால் வரிசை.

"எங்கீங்க போகணும்?"

"எந்த ஊரா இருந்தாலும்..."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். இந்த ஊரில் அவர்களுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது போலிருக்கிறது. கவுண்டர்க்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டினாள்.

"இன்னொருக்காக் கேக்கறேன். எங்கீங்க போகணும்?"

"சாந்தாமணி இருக்கிற ஊருக்கு."

"அது அவங்க இஷ்டமா, உங்க இஷ்டமா?"

"என் இஷ்டம்!" என்று கத்திவிட்டேன். "எனக்கு வேணும். அவளக் கேக்கல, யாரையும் கேக்கல. எனக்கு அவகூட இருக்கோணும். அவளுக்கு வேண்டாம்னா அவளே சொல்லட்டும். இப்ப எனக்கு டிக்கெட் வேணும்."

உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கட்டில், பீரோ எல்லாவற்றையும் தனியாக மாடிக்குத் தூக்கியதைப் போல மூச்சு வாங்கியது. வரிசையில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"'அவர் இஷ்டம்' வண்டி ஒண்ணாவது பிளாட்பாரமுங்க" என்று டிக்கெட்டைத் தள்ளினாள் கவுண்டர்க்காரி. "ஓடுங்க."

வண்டி கிளம்பியது. ஊர் முடிந்து வயல் வந்தது, வயல் முடிந்து மேகம் வந்தது, மேகத்துக்கு நடுவில் லெவல் கிராஸிங் வந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஒரு பிளாட்பாரம், ஒரு பெஞ்சு. பெயர்ப் பலகையில் பெயர் எழுதவில்லை. பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கம் எதிர் திசையில் போகிற வண்டி வந்து நின்றது. அதன் கதவருகில் சாந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். கையில் சாம்பார் டப்பா.

"எங்கீங்க போறீங்க?" என்று கேட்டாள். கடைக்குப் போகும்போது கேட்பதுபோல் கேட்டாள்.

"உன்கிட்டத்தான். நீ?"

"உங்ககிட்டத்தான்."

"உன்ன யாரு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கு வரோணும்னு இருந்துச்சு, வந்தேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமாக இருந்தாள்.

"என்னாச்சு அம்மிணி? என் ஊரு நல்லா இல்லையா?"

"ஊரா அது? ஒரே சரிவு. தெருத் தெருவா வெங்காயம் உருளுது. மூலைக்கு மூலை கிரைண்டர் கடை. கடைக்குக் கடை நீங்களே உக்காந்துட்டு இருக்கறீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அங்க சாந்தாமணின்னு ஒருத்தி இருந்தா. போய்ப் பாத்தேன்."

எனக்குத் திக்கென்றது. "எப்படி இருந்தா?"

"என்னாட்டவே இருந்தா. அதே சேல, அதே நரை. மூட்டு வலிகூட அதே கால்ல. சுத்திச் சுத்திப் பாத்தேன், ஒரு வித்தியாசம் இல்லீங்க." சாம்பார் டப்பாவைக் கை மாற்றிக்கொண்டாள். "இத்தன வருசத்துல ஒண்ணயாச்சும் மாத்தி நெனைச்சிருக்கலாமல்ல? அந்த மூட்டு வலியையாவது எடுத்திருக்கலாமல்ல?"

"எனக்குத் தோணலையே" என்றேன். உண்மையாகவே தோன்றவில்லை.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "என் ஊருல நீங்க எப்படி இருந்தீங்க?"

"ஒல்லியா."

"கொஞ்சந்தானுங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் விசில் ஊதின. அவள் இறங்கினாள். நானும் இறங்கினேன். வண்டிகள் கிளம்பி, ஒன்று அந்தப் பக்கமும் ஒன்று இந்தப் பக்கமுமாகப் போய்விட்டன. பிளாட்பாரத்தில் நாங்கள் இரண்டு பேர், ஒரு டப்பா சாம்பார், ஒரு டப்பா சாதம்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள் சாந்தாமணி. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வியன்னாவா, லிஸ்பனா? எம் மூஞ்சியப் பாக்காம சொல்லுங்க."

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். நாக்கு பழைய பாதையில் புரளப் பார்த்தது. பல்லால் பிடித்து நிறுத்தினேன்.

"லிஸ்பன்" என்றேன்.

"எனக்கு வியன்னா" என்றாள்.

வானம் இடிந்து விழவில்லை. அவள் மனம் நொந்த மாதிரியும் தெரியவில்லை. எனக்கும் நோகவில்லை. தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகள் கவனத்துக்கு. பிளாட்பாரத்தில் இருக்கும் இருவரும் ஒரே ஊரின் பெயரைச் சொல்லும் வரை இந்த நிலையத்துக்கு எந்த வண்டியும் வராது. சௌகரியக் குறைவுக்கு வருந்துகிறோம்."

"லிஸ்பன்" என்றேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"வியன்னாங்க. அங்க மேடு ஏற வேண்டியதில்ல. எம் மூட்டுக்கு அதான் நல்லது."

"டிராம் இருக்குது. ஏறி உக்காந்தாப் போதும்."

"வியன்னாவுலயும் டிராம் இருக்குதுங்க!"

சாப்பிடலாம் என்று பெஞ்சுக்குப் போனோம். சாந்தாமணி முதலில் உட்கார்ந்தாள்.

"அக்கட்டாலே தள்ளு அம்மிணி" என்றேன். "ஜன்னலோரம் எனக்கு வேணும்."

"முடியாதுங்க. ஜன்னலோரம் எனக்குத்தான் வேணும்."

அது வெட்டவெளியில் கிடந்த சிமெண்டு பெஞ்சு. ஜன்னல் கிடையாது. அது இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் சாதத்தில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, சாப்பிட்டு, கை கழுவி, இருட்டும் வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.